முக்கியமான தடுப்பாட்டக்காரருக்குக் காயம் என்றால் கால்பந்து அணி ஏன் அதிக கோல் வாங்குகிறது?

தற்காப்பு வரிசை என்பது பெரும்பாலும் கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கும் நால்வர். பந்தைப் பறிப்பது மட்டும் அவர்கள் வேலை இல்லை. நால்வரும் ஒரே கோடாக முன்னேறி, ஒரே கோடாகப் பின்வாங்க வேண்டும். ஒருவர் இரண்டடி பின்தங்கினால் போதும், எதிரணி வீரர் ஆஃப்சைடிலிருந்து, அதாவது பந்து தன்னை நோக்கி அடிக்கப்படும் நொடியில் அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கும் தவறிலிருந்து, தப்பிவிடுவார்.

காட்பாடியில் எங்கள் தெருவில் தளம் போட்டபோது, கலவைச் சட்டி கைக்குக் கை ஏறிக்கொண்டிருந்தது. யாரும் அடுத்தவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நடுவில் ஒருவர் கையில் அடிபட்டு விலக, இன்னொருவர் வந்து நின்றார். நல்ல பலசாலிதான். ஆனாலும் அவரிடம் வந்ததும் சட்டி ஒரு நொடி நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் ஓரடி நகர்ந்து எட்டி வாங்க வேண்டியிருந்தது.

இங்கிலாந்தின் லிவர்பூல் அணிக்கும் அப்படித்தான் ஆனது. 2020 அக்டோபரில் அதன் முக்கியத் தடுப்பாட்டக்காரர் வான் டைக்குக்கு முழங்காலில் பலத்த காயம். அடுத்த மாதம் இன்னொரு தடுப்பாட்டக்காரர் ஜோ கோமஸுக்கு, அப்புறம் மாட்டிப்புக்கும் காயம். நடுக்களத்து ஃபாபின்யோவும் ஹெண்டர்சனும் பின்னால் போய் நிற்க, நடுக்களமும் பலம் இழந்தது. முந்தைய பருவத்தில் லீக்கில் 33 கோல் வாங்கிய சாம்பியன் அணி, அந்தப் பருவத்தில் 42 வாங்கியது.

மாற்று வீரர் மட்டமானவர் என்று பலர் திட்டுகிறார்கள். பெரும்பாலும் அவர் திறமையில் குறையில்லை. பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து ஆடிய நாட்கள்தான் குறைவு.