சுரங்கத்தை மூடினார்கள், சம்பளத்தை யார் கொடுத்தார்கள்?

கேள்வி: ஐரோப்பாவில் நிலக்கரிச் சுரங்கங்களும் உருக்காலைகளும் மூடப்பட்ட காலத்தில், பல நாடுகளுக்குப் பொதுவான ஓர் அமைப்பு, வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகை வழங்கியதாமே? அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? (சேலம் வாசகர்)

பதில்: நீங்கள் கேட்பது ஐரோப்பிய நிலக்கரி எஃகு சமூகத்தைப் பற்றி. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் 1951 ஏப்ரல் 18 அன்று பாரிஸில் கையெழுத்திட்ட உடன்படிக்கையால் அது உருவாயிற்று. அந்தச் சமூகத்தின் நோக்கப்படி எல்லைகளில் சுங்கத் தடை நீங்கினால், செலவு அதிகம் பிடிக்கும் சுரங்கங்கள் தாக்குப்பிடிக்க மாட்டா என்பது அதை வகுத்தவர்களுக்குத் தெரியும். அதனால், ஆட்குறைப்பு வந்த பிறகு நிவாரணத்துக்கு அலையாமல், உடன்படிக்கையிலேயே அதற்கு வழி செய்துவைத்தார்கள். இந்த ஏற்பாட்டில் நான் பெரிதாக மதிப்பது இந்த முன்யோசனையைத்தான்.

இந்தச் சமூகத்தை நிர்வகித்த உயர் ஆணையம், உறுப்பு நாடுகளின் கருவூலத்தை எதிர்பார்த்து நிற்காமல், நிலக்கரி, எஃகு உற்பத்தியின் மதிப்பைக் கணக்கிட்டு நிறுவனங்களிடமிருந்தே தீர்வை வசூலித்தது. அது 1 சதவீதத்தைத் தாண்ட வேண்டுமானால், உறுப்பு நாட்டு அமைச்சர்கள் கூடும் மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதல் தேவை. ஆக, நல்ல லாபத்தில் ஓடிய ஆலையும், மூடப்பட்ட சுரங்கத்தின் தொழிலாளிக்காகப் பங்கு செலுத்தியது.

உதவியைப் பற்றிய விதி 56-ஆம் பிரிவில் இருந்தது. தொழிலாளி நேரடியாக மனுப் போட முடியாது. அவருடைய அரசுதான் கேட்க வேண்டும். ஆணையம் எவ்வளவு கொடுக்கிறதோ, குறைந்தது அவ்வளவு தொகையை அந்த அரசும் போட வேண்டும் என்பது நிபந்தனை; மன்றம் விலக்கு அளித்தால் மட்டுமே அதிலிருந்து தப்பலாம். வேறு வேலை கிடைக்கும்வரை உதவித்தொகை, குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போக இடமாற்றப் படி, புதிய தொழில் கற்கப் பயிற்சிச் செலவு ஆகியவை வழங்கப்பட்டன. நிலத்தடியில் கரி வெட்டியவருக்குச் சம்பளம் அதிகம். அவர் வேறொரு தொழிற்சாலையில் சேர்ந்தால், பெரும்பாலும் குறைந்த கூலிதான் கிடைக்கும். அந்தக் குறைவில் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஈடுகட்டும் முறையும் இருந்தது. வேலை போனவரைச் சும்மா உட்காரவைக்காமல், குறைந்த சம்பள வேலையையும் துணிந்து ஏற்கவைத்தது இந்த முறைதான் என்பது என் கருத்து.

1958-இல் எண்ணெயும் மலிவான அமெரிக்க நிலக்கரியும் சந்தையைப் பிடித்தபோது, இந்த விதி போதவில்லை. எனவே 1960-இல் 56-ஆம் பிரிவைத் திருத்தி, சந்தை நிலவரமே அடியோடு மாறியதால் வேலை இழந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

கேள்வி: அந்த உதவியால் மக்களுடைய கஷ்டம் தீர்ந்ததா? (திருச்சி வாசகி)

பதில்: ஆளுக்கு உதவி கிடைத்தது, ஊருக்குக் கிடைத்தது என்று சொல்ல முடியாது. பெல்ஜியத்தின் பொரினாஜ் பகுதியில் சுரங்கங்களை மூடப்போவதாகச் செய்தி வந்ததும், 1959 பிப்ரவரியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிச் சாலைகளை மறித்தார்கள். உதவித்தொகைக்கு உடன்படிக்கை இருந்தும், மாற்று வேலைக்கு அங்கே தொழிற்சாலை இல்லை.

நெதர்லாந்தின் லிம்பர்க்கில் வேறு வழியை முயன்றார்கள். 1965 டிசம்பர் 17 அன்று, பொருளாதார அமைச்சர் யோப் டென் அய்ல் ஹேர்லன் நகர நாடக அரங்கில் சுரங்க மூடலை அறிவித்தபோது, மாற்று வேலைக்கும் உறுதி கூறினார். அரசுச் சுரங்க நிறுவனம் ரசாயனத் தொழிலுக்கு மாறியது. போர்ன் என்ற ஊரில் கார் தொழிற்சாலை வந்தது. புள்ளிவிவரத் துறையின் ஒரு பகுதி ஹேர்லனுக்கு இடம்பெயர்ந்தது. ஆனால் கடைசிச் சுரங்கம் 1974-இல் மூடப்பட்டபோதும், போன வேலைகளுக்கு ஈடாக வேலைகள் உருவாகியிருக்கவில்லை. வயதான பலர் முன்கூட்டிய ஓய்வூதியத்திலும் உடல் இயலாமைக்கான உதவித்தொகையிலும்தான் காலம் தள்ளினார்கள்.

கேள்வி: இப்போதும் அந்த உதவி உண்டா? (மதுரை வாசகர்)

பதில்: அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மட்டுமே, 2002 ஜூலை 23 அன்று காலாவதியாயிற்று. மீந்த நிதி நிலக்கரி, எஃகு ஆராய்ச்சிக்குப் போயிற்று, தொழிலாளிக்கு அல்ல. ஜெர்மனி தன் சொந்தத் திட்டத்தில், நிலத்தடியில் வேலை செய்தவர்களுக்கு 50 வயது முதல், ஓய்வூதியம் தொடங்கும் வரை, அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்கு உதவித்தொகை கொடுத்தது; 2018 டிசம்பரில் அந்நாட்டின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் பொட்ராப் நகரில் மூடப்பட்டதும் அப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் நியாயமான மாற்றத்துக்கான நிதியம் ஒன்றை உருவாக்கியது. நிலக்கரியை நம்பி வாழும் பகுதிகள் அதன்கீழ் உதவி பெறுகின்றன.