கட்டுரையை எங்கே அனுப்புவது?

வாசகர் கேள்வி–பதில்: தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆய்விதழ்களில் எழுதுவது பற்றி

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைத்த மறுவாரமே ஒரு மின்னஞ்சல் வந்தது. “உங்கள் அரிய ஆய்வைக் கட்டுரையாக்கித் தாருங்கள். 7 நாளில் ஏற்புக் கடிதம், கட்டணம் 250 டாலர், ஸ்கோபஸில் இடம்பெற்ற இதழ்” என்கிறார்கள். அனுப்பலாமா? — ஆய்வு மாணவி, வெஸ்ட்வில்

பதில்: வேண்டாம். பணம் கேட்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நல்ல இதழ்களும் கட்டணம் வாங்குகின்றன. பெரிய பதிப்பகங்களின் திறந்தநிலை இதழ்களில், அதாவது யாரும் காசின்றிப் படிக்கும் இதழ்களில், அது 2,000, 3,000 டாலரைத் தொடுவது சாதாரணம். இடிப்பது அந்த 7 நாள்தான். ஒரு கட்டுரையைப் படித்துத் தரம் சொல்லும் இரண்டு மதிப்பீட்டாளர்களைப் பிடிக்கப் பதிப்பாசிரியர் ஆறேழு பேருக்காவது எழுத வேண்டியிருக்கும். ஒப்புக்கொண்டவருக்கு மூன்று நான்கு வாரம் தவணை, அதற்குப் பிறகு நினைவூட்டல், மறுபடி நினைவூட்டல். மூன்று மாதத்தில் முதல் பதில் வந்தால் அது சுறுசுறுப்பான இதழ். ஒரு வாரத்தில் ஏற்புக் கடிதம் வருகிறது என்றால் கட்டுரையை யாரும் படிக்கவில்லை.

ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களைத் தேர்ந்து தொகுக்கும் தரவுத்தளம். “ஸ்கோபஸில் இருக்கிறோம்” என்ற பேச்சை நீங்களே சோதிக்கலாம். ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியலைப் பார்க்கக் காசு வேண்டாம். இதழின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், பெயரைக் காப்பியடிப்பது சுலபம். இதழுக்குரிய அடையாள எண்ணான எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் எண்ணைப் போட்டுத் தேடுங்கள். இதழ் கிடைத்தால் அதன் கீழே எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை சேர்க்கப்பட்டது என்ற வரியைப் பாருங்கள். அது நடப்பு ஆண்டுவரை வராமல் சில ஆண்டுகளுக்கு முன்பே நின்றிருந்தால் பெரும்பாலும் இதழ் பட்டியலிலிருந்து தூக்கப்பட்டிருக்கும். ஆனால் அதன் பழைய கட்டுரைகள் தேடலில் வந்துகொண்டேதான் இருக்கும். அந்தப் பழைய கட்டுரைகளைக் காட்டித்தான் ஆள் பிடிக்கிறார்கள்.

இன்னொரு தந்திரம் கடத்தப்பட்ட இதழ். இதழ் உண்மையானது, எண்ணும் உண்மையானது, இணையதளம் மட்டும் போலி. இதைப் பிடிக்க அந்தத் தளத்தில் உள்ள கடைசி வெளியீட்டைத் திறந்து ஒரு கட்டுரையின் டிஓஐ எண்ணை, அதாவது அந்தக் கட்டுரைக்கு மட்டும் உரிய நிரந்தர இணைய அடையாளத்தை, எடுங்கள். அது 10 என்று தொடங்கி, ஒரு புள்ளிக்குப் பின் சில இலக்கங்களும் சாய்கோடுமாக நீளும். அதை டிஓஐ தளத்தில் ஒட்டிப் பாருங்கள். எங்கும் போகவில்லை என்றாலோ, தலைப்பே வேறான கட்டுரைக்குப் போனாலோ, தளத்தை மூடிவிடுங்கள். கூடவே கட்டுரைகளின் தலைப்புகளை மேலோட்டமாகப் பாருங்கள். மொழியியல் இதழில் கோழித் தீவனம் பற்றிய கட்டுரை கிடந்தால் வேறு சோதனையே தேவையில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, தென்னாப்பிரிக்காவில் பணிபுரிபவருக்குக் கடைசித் தீர்ப்பு டிஎச்இடி என்று எல்லோரும் சொல்லும் உயர்கல்வி பயிற்சித் துறையின் ஏற்புப் பட்டியல்கள்தான். வெப் ஆஃப் சயன்ஸ், ஸ்கோபஸ், ஐபிஎஸ்எஸ், நார்வே பட்டியல், சைலோ தென்னாப்பிரிக்கா, டிஓஏஜே ஆகிய ஆய்விதழ்ப் பட்டியல்களோடு உள்நாட்டு இதழ்களுக்குத் துறை தானே வைத்திருக்கும் பட்டியல் ஒன்றும் உண்டு. இவை ஆண்டுதோறும் மாறும். பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டால் அந்த ஆண்டுக்குரிய எக்செல் கோப்பைத் தருவார்கள். சென்ற ஆண்டுக் கோப்பை நண்பரிடம் வாங்கிப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. ஆப்பிரிக்க ஆய்விதழ்களைத் தொகுக்கும் ஏஜேஓஎல் தளத்தில் ஓர் இதழ் இருப்பது மட்டும் ஏற்பு ஆகாது. அங்கே ஏற்புப் பெற்றதும் இருக்கும், பெறாததும் இருக்கும்.

பட்டியலில் இல்லாத இதழில் வந்தால் உலகம் இடிந்துவிடாது. கட்டுரைக்காகத் துறை தரும் மானியம் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வராது, அவ்வளவுதான். மானியக் கணக்கில், ஏற்புப் பெற்ற இதழில் ஒரு கட்டுரை ஒரு அலகு. அந்த அலகு ஆசிரியர்களிடையே சமமாகப் பிரியும். நீங்களும் உங்கள் நெறியாளரும் ஒரே பல்கலைக்கழகம் என்றால் முழு அலகும் அதற்கே. இரண்டே ஆசிரியர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தவர் என்றால் பாதிதான். ஓர் அலகின் மதிப்பு ஒரு லட்சம் ராண்டுக்கு மேல், அதுவும் சுமார் இரண்டு ஆண்டு கழித்துத்தான் பல்கலைக்கழகத்தின் கைக்கு வரும். அதில் ஆசிரியருக்குப் பங்கு உண்டா என்பது ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சொந்த விதி. துறைத் தலைவர்கள் “பட்டியல், பட்டியல்” என்று ஏன் துடிக்கிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

ஒருவேளை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால், பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஒரே வரியில் மின்னஞ்சல் எழுதி, அதைப் பத்திரப்படுத்துங்கள். “திரும்பப் பெறும் கட்டணம்” கேட்பார்கள், கொடுக்க வேண்டாம். அவர்கள் முந்திக்கொண்டு கட்டுரையை இணையத்தில் ஏற்றிவிட்டால்தான் உண்மையான சிக்கல், ஏனென்றால் அடுத்த நல்ல இதழ் அதை ஏற்கெனவே வெளியானதாகக் கருதும். அப்போது அந்த மின்னஞ்சலையும் இணைத்துப் புதிய பதிப்பாசிரியருக்கு நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் வழி. அவரே, ஏற்கெனவே வெளியான எழுத்தோடு ஒப்பிடும் ஒத்திருப்புச் சோதனையில் கண்டுபிடிக்கும்படி விடக்கூடாது.

கேள்வி: எங்கள் துறையில் பி. கோவெண்டர் மூன்று பேர். என் கட்டுரைக்கு வந்த மேற்கோள்கள் இன்னொருவர் கணக்கில் ஏறுகின்றன. — விரிவுரையாளர், ஃபீனிக்ஸ்

பதில்: கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி என்று நம் பெயர்களுக்கே உரிய தொல்லை இது. ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும் ஆர்கிட் தளத்தில் 16 இலக்க எண் இலவசமாகக் கிடைக்கும், இன்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டுரையில் முதலெழுத்து ஒன்று, அடுத்ததில் இரண்டு என்று மாற்றாதீர்கள். மணமான பிறகு பெயர் மாற்றுபவர்களுக்கும் இதே எண் போதும், பழைய கட்டுரைகள் கைவிட்டுப் போகாது. ஸ்கோபஸில் தவறாகச் சேர்ந்தவற்றை ஆசிரியர் விவரத் திருத்தப் படிவத்தில் பிரித்துத் தரச் சொல்லலாம், செய்வார்கள்.

கேள்வி: பொது மருந்தகத்தில் செவிலியாக இருக்கிறேன். சர்க்கரை நோயாளிகள் மாத்திரையை ஏன் இடையில் நிறுத்துகிறார்கள் என்று 120 பேரிடம் கேள்வித்தாள் வாங்கினேன். பொறுப்பாளர் வாய்வழி அனுமதி தந்தார். கட்டுரை அனுப்பினால் நெறிமுறைக் குழுவின் எண் கேட்கிறார்கள். — வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: கசப்பான பதில்தான். ஆய்வு நடந்த பிறகு நெறிமுறை ஒப்புதல் முந்தைய தேதியிட்டுக் கிடைக்காது. எந்தக் குழுவும் தராது. தந்தால் அந்தக் குழுவின் பதிவே ஆட்டம் காணும். வேறு ஒருவருடைய எண்ணைப் போட்டு அனுப்புவது பற்றி யோசிக்கவே வேண்டாம். பிறகு தெரிந்தால் கட்டுரை திரும்பப் பெறப்படும், உங்கள் தொழில் பதிவும் கேள்விக்குள்ளாகும்.

கையில் உள்ள 120 தாள்களைக் கட்டுரைக்குப் பயன்படுத்த முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவை வீண் இல்லை. எந்தக் கேள்வி புரியவில்லை, எதற்கு எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள் என்பது தெரிந்திருக்கும். அதை வைத்துக் கேள்வித்தாளைத் திருத்துங்கள். பிறகு வரிசைப்படி போங்கள். தேசிய சுகாதார ஆய்வு நெறிமுறைக் கவுன்சிலில் பதிவான ஒரு குழு வேண்டும். தனியாள் நேரே போவது கடினம். பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் அல்லது செவிலியர் துறையில் உள்ள ஒருவரைக் கூட்டு ஆய்வாளராகச் சேர்த்தால் அவர்களுடைய குழுவிலேயே விண்ணப்பிக்கலாம். இன்னொரு பக்கம் வாயில்காப்பு அனுமதி என்று சொல்லும் எழுத்து அனுமதி வேண்டும், மாகாண சுகாதாரத் துறையிடமும் மருந்தகத்திடமும். இரண்டில் ஒன்று இல்லாமல் மற்றொன்று முழுமையாகாது. பல இடங்களில் குழு தற்காலிக ஒப்புதல் தந்து, அனுமதிக் கடிதங்கள் வந்ததும் முழு ஒப்புதல் எழுதும். முழு ஒப்புதல் கடிதத்தின் தேதிக்குப் பிறகுதான் முதல் தாள் நிரப்பப்பட வேண்டும். இதழ்கள் அந்தத் தேதியையும் தரவு திரட்டிய தேதியையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன.

சம்மதப் படிவம் ஆங்கிலம், இசிசூலு (சூலு மொழி) இரண்டிலும் இருக்கட்டும். முதியவர்கள் தமிழ் கேட்டால் அதிலும். மொழிபெயர்த்ததை மூல ஆங்கிலம் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கி ஒப்பிட்டோம் என்று கட்டுரையில் ஒரு வரி எழுத முடிய வேண்டும். பெயர், அடையாள எண், தொலைபேசி எதையும் விடைத்தாளில் எழுதாதீர்கள். தனியுரிமைச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. நோய் விவரம் அதில் தனிப் பாதுகாப்புள்ள வகை.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியின் வரலாற்றை 140 பக்கம் எழுதியிருக்கிறேன். பல்கலைக்கழகத் தொடர்பு இல்லை. எந்த இதழ் எடுத்துக்கொள்ளும்? — வாசகர், டொங்காட்

பதில்: ஐயா, 140 பக்கத்தை எந்த இதழும் எடுக்காது. ஆனால் அதற்குள் மூன்று கட்டுரைகள் இருக்கும். வரலாற்று இதழ்கள் பொதுவாக 6,000 முதல் 8,000 சொல் வரை கேட்கும். “பள்ளி வளர்ந்த கதை” என்று முழுவதையும் சுருக்காமல் ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். பாடம் நடத்தியவர் யார், சம்பளம் எங்கிருந்து வந்தது, பிள்ளைகள் எந்த வயதில் நின்றார்கள் — இதில் ஏதாவது ஒன்று. கணக்குப் புத்தகம் கையில் இருந்தால் இரண்டாவதை எடுங்கள். நிர்வாகக் குழுவினரைப் புகழும் பக்கங்கள் ஆண்டு மலருக்கு உரியவை, இங்கே வேண்டாம்.

தொடர்பு இல்லாதது தடையில்லை. பெயருக்குக் கீழே “சுயேச்சை ஆய்வாளர், டொங்காட்” என்று போட்டால் போதும். பெரும்பாலான வரலாற்று இதழ்கள் ஆசிரியர் பெயரை மறைத்துத்தான் மதிப்பீட்டுக்கு அனுப்புகின்றன. குவாசுலு-நட்டால் வட்டார வரலாறு என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து 1971 முதல் வரும் ‘நட்டாலியா’வை முதலில் பாருங்கள், ஆர்வமுள்ள பொது வாசகர்களும் படிக்கும் இதழ். இன்னும் கறாரான வாதம் இருந்தால் ‘ஹிஸ்டோரியா’. எதுவானாலும் அந்த இதழின் கடைசி இரண்டு ஆண்டுத் தலைப்புகளைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

மதிப்பீட்டாளர் முதலில் கை வைப்பது சான்றுக் குறிப்புகளில். “ஆவணக் காப்பகத்தில் பார்த்தது” என்று எழுதினால் திருப்பி அனுப்புவார். காப்பகம், தொகுதி, கோப்பு எண், தேதி நான்கும் வேண்டும். முதல் ஆசிரியர்களின் குடும்பத்தை ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பதிவேட்டில் தேடியிருந்தால் பதிவேட்டில் அவர்களுக்குத் தந்த காலனி எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் நின்ற ட்ரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை ஒவ்வொருவருக்கும் எண், தந்தை பெயர், வயது, ஊர், மாவட்டம் பதிவாகியிருக்கிறது. ஊர்ப் பெயர்களை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். பதிவேட்டில் உள்ள எழுத்தை அப்படியே தந்துவிட்டு, நீங்கள் ஊகிக்கும் ஊரை அடிக்குறிப்பில் சொல்லுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் பின்னால் வருபவருக்கு எது ஆவணம், எது உங்கள் ஊகம் என்று தெரியாது.

பள்ளிக் குறிப்பேட்டுத் தமிழ் வரிகளைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே அனுப்புங்கள். இல்லையேல் அச்சுக்கோப்பவர் திரையில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். மெய்ப்பு வரும்போது தமிழ் வரிகளை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்பது வாடிக்கை. மெய்ப்புக்குப் பெரும்பாலும் 48 மணி நேரம்தான் தருவார்கள்.

கேள்வி: இந்தியாவிலுள்ள உறவினர் 1,500 ரூபாயில் ஐஎஸ்எஸ்என் உள்ள இதழில் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். — மாணவர், லெனேசியா

பதில்: ஐஎஸ்எஸ்என் அடையாள எண் மட்டுமே, தரச் சான்று அல்ல. கோயில் மாத இதழும் அதை வாங்கலாம். இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலில் இருந்த இதழ் என்று சொன்னாலும் அதை மட்டும் வைத்து டிஎச்இடி கணக்கில் ஒட்டாது.

கேள்வி: ஒரு மதிப்பீட்டாளர் மாதிரி அளவு போதாது என்கிறார், மற்றவர் கட்டுரை நீளம், பாதியாகக் குறை என்கிறார். ஒருவரைத் திருப்திப்படுத்தினால் மற்றவர் கோபிப்பாரே? — விரிவுரையாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: தீர்ப்புச் சொல்பவர் பதிப்பாசிரியர், மதிப்பீட்டாளர்கள் அல்ல. அவருடைய கடிதத்தை முதலில் படியுங்கள். இருவரில் யார் பக்கம் சாய்கிறார் என்பது அதிலேயே இருக்கும். இல்லையென்றால் இரண்டு வரியில் கேட்டு எழுதலாம், அதில் தவறில்லை.

பதில் கடிதத்தை மூன்று பத்தி அட்டவணையாகத் தயாரியுங்கள். முதல் பத்தியில் அவர் சொன்னது, ஒரு சொல்லும் மாறாமல். அடுத்ததில் நீங்கள் செய்தது. மூன்றாவதில் பக்கமும் வரி எண்ணும். “திருத்திவிட்டோம்” என்று மட்டும் எழுதினால் அவர் கட்டுரை முழுவதையும் மறுபடி துழாவ வேண்டும், எரிச்சல் வரும். புதிய வாக்கியத்தை அட்டவணையிலேயே ஒட்டிவிடுங்கள்.

மாதிரி அளவை இப்போது கூட்ட முடியாது. ஆகவே அந்த அளவு எதைச் சொல்லப் போதும், எதைச் சொல்லப் போதாது என்று வரம்புகள் பகுதியில் எழுதி, முடிவுரையில் “நிறுவுகிறது” என்ற இடங்களை “சுட்டுகிறது” என்று இறக்குங்கள். நீளத்துக்கு முதலில் வெட்ட வேண்டியது இலக்கிய மீளாய்வு. ஆய்வேட்டிலிருந்து வந்த கட்டுரைகளில் கொழுப்பு அங்கேதான். அட்டவணைகளைத் துணைக் கோப்புக்கு மாற்றலாம். ஒரு கருத்தை ஏற்கவில்லை என்றால் ஏற்க வேண்டாம், ஆனால் காரணமும் ஆதாரமும் தாருங்கள். பத்துக் கருத்தில் எட்டை ஏற்று இரண்டை மறுத்தால் பதிப்பாசிரியர் முகம் சுளிக்கமாட்டார்.

கேள்வி: இதழ் கேட்கும் வெளியீட்டுக் கட்டணம் கட்ட வழியில்லை. விலக்குக் கிடைக்குமா? — ஆய்வு மாணவர், டர்பன்

பதில்: வறிய நாடுகளுக்கான தானியங்கி விலக்கில் தென்னாப்பிரிக்கா வராது, உலக வங்கிக் கணக்கில் நாம் உயர்-நடுத்தர வருமான நாடு. வேறு வழிகள் உண்டு. அறிவியல் கழகம் நடத்தும் ‘சவுத் ஆஃப்ரிக்கன் ஜர்னல் ஆஃப் சயன்ஸ்’ ஆசிரியரிடம் கட்டணம் வாங்குவதில்லை. நூலகங்களின் சான்லிக் கூட்டமைப்பு பெரிய பதிப்பகங்கள் பலவற்றோடு செய்துள்ள ஒப்பந்தத்தில் உங்கள் பல்கலைக்கழகம் இருந்தால், அதில் அடங்கும் இதழ்களில் கட்டணமின்றித் திறந்தநிலையில் வெளியிடலாம். ஆனால் தொடர்பு ஆசிரியர், அதாவது இதழோடு கடிதப் போக்குவரத்து வைப்பவர், இந்நாட்டுப் பல்கலைக்கழகத்தவராக இருக்க வேண்டும், சமர்ப்பிக்கும்போதே பல்கலைக்கழக மின்னஞ்சலைத் தர வேண்டும். வெளிநாட்டு நண்பரைத் தொடர்பு ஆசிரியராகப் போட்டு, ஏற்பு வந்த பிறகு மாற்றக் கேட்டால் பதிப்பகம் மறுத்துவிடும். எந்த இதழ் அடங்கும், இந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு மீதம் இருக்கிறதா என்பதை அனுப்பும் முன்பே நூலகரிடம் கேளுங்கள். சில ஒப்பந்தங்களில் ஆண்டு முடிவதற்குள் ஒதுக்கீடு தீர்ந்துபோகும்.