சுத்தம் செய்த சமையலறை இரண்டே நாளில் பழையபடி ஆகிவிடுகிறது, என்ன செய்யலாம்?

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒதுக்கித் துடைத்து அடுக்கியும், செவ்வாய்க்கிழமை காலையில் மேடையில் ஒரு தட்டு வைக்கக்கூட இடமில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடம் எனக்கும் இதே கதைதான். எனக்குத்தான் சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் எங்கள் வாணலியைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

தினமும் எடுக்கிற வாணலி அது. கீழ் அலமாரியில் நாலு பாத்திரத்துக்கு அடியில் அதன் இடம். எடுக்கும்போது பசி இருக்கும், நாலையும் தூக்கிவிடுவோம். கழுவிய பிறகு திரும்ப வைக்க மறுபடி நாலையும் தூக்க வேண்டும். யார் செய்வார்கள்? அது அடுப்பு மேலேயே கிடக்கும். அதைப் பார்த்து மூடி, கரண்டி, எண்ணெய் பாட்டில் எல்லாம் பக்கத்தில் வந்து சேரும். இப்போது வாணலி சுவரில் ஒரு கொக்கியில் தனியாகத் தொங்குகிறது. ஒரு கையால் எடுக்கலாம், ஒரு கையால் மாட்டலாம். அடுப்பு மேலே அது கிடந்து மாதக்கணக்காகிறது.

அதனால் மேடையில் அடிக்கடி கிடக்கும் பொருள்களை ஒரு வாரம் கவனியுங்கள். அவற்றை வைக்கிற இடம்தான் பெரும்பாலும் தப்பு. தினமும் தொடுவது இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கட்டும். கனமானவை கீழே, எப்போதோ எடுப்பவை மேலே. கத்தி, வெட்டும் பலகை பக்கத்திலேயே குப்பைக்கூடை. பாத்திரம் தேய்க்கிற சாமான்கள் சிங்க்கை விட்டு நகரவே கூடாது.

‘எங்கள் சமையலறை சின்னது’ என்பது நான் வெகுநாள் சொன்ன சாக்கு. அப்புறம் ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை பற்றிப் படித்தேன். 1926இல் அந்த ஜெர்மன் நகரத்தின் புதிய குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. அகலம் சுமார் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவுதான். ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் குறுகலான சமையலறையைப் பார்த்து யோசித்திருக்கிறார். மாவு, அரிசி, சர்க்கரைக்குப் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள், கைப்பிடியோடும் மூக்கோடும். இழுத்து நேராகப் பாத்திரத்தில் சாய்த்துவிட்டு, அதே பொந்தில் தள்ளிவிடலாம். திரும்ப வைப்பது எவ்வளவு சுலபம் பாருங்கள்!

அடுத்தது, பொருள்களின் எண்ணிக்கை. எங்கள் வீட்டு பிளாஸ்டிக் டப்பாக்களை ஒருநாள் தரையில் பரப்பினேன். டப்பா 31, மூடி 24, பொருந்திய ஜோடி 17. மீதியை வெளியேற்றியதும் அலமாரியில் ஒரு முழு தட்டு காலியானது. புது டப்பா வாங்குவதாக இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள். அடுக்கி வைக்கிறேன் என்று விதவிதமான டப்பா வாங்கிக் குவிப்பதும் குப்பை சேர்ப்பதுதான்.

ஆழமான கீழ் அலமாரிகளும் தொல்லைதான். பின்னால் போன பொருள் போனதுதான். ஒரே மாவில் பாதி பிரித்த பாக்கெட் மூன்று கண்டெடுத்தேன், ஒன்றில் வண்டு. ஒரு நீள டிரே வைத்து அதற்குள் அடுக்கினால் டிராயர் மாதிரி மொத்தமாக இழுத்துப் பார்க்கலாம். புதிதாக வாங்கியது பின்னே, பழையது முன்னே. பிரித்த தேதியை ஒரு டேப்பில் எழுதி டப்பாவில் ஒட்டிவிடுங்கள். பெயரையும் எழுதினால் வீட்டில் மற்றவர்களும் சரியான இடத்தில் வைப்பார்கள். நான் எழுதாமல் விட்ட வரைக்கும் ‘இதை எங்கே வைப்பது?’ என்ற கேள்வி ஓயவில்லை.

அடுப்புக்குப் பக்கத்தில் எண்ணெயும் மசாலாவும் வைப்பது கைக்கு வசதிதான், ஆனால் சூட்டில் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், ஆவியில் பொடி கட்டி தட்டும். கை நீட்டி ஓர் அடி தள்ளி வையுங்கள்.

ராத்திரி வேலை ஒன்றே ஒன்று: சிங்க் காலியாக வேண்டும். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் இதை மட்டும் விடமாட்டேன், காலையில் நிறைந்த சிங்க்கைப் பார்த்தால் அன்றைய பாத்திரமும் அதன் மேலேயே ஏறும். துடைத்த துணியைச் சுருட்டி வைக்காமல் விரித்துக் காயப்போடுங்கள். ஈரத்தில்தான் கிருமி பெருகும்.

அந்த ஜோடியில்லாத மூடிகளில் நீலமாக ஒன்றை மட்டும் இன்னும் தூக்கிப் போடவில்லை. போட்ட மறுநாளே அதன் டப்பா எங்கிருந்தாவது வந்து நிற்கும், எனக்குத் தெரியும்.