24 மைல் ஓடி நின்றுபோன ரயில்: இன்வர்கேரி – ஃபோர்ட் அகஸ்டஸ் பாதை, கேள்வி பதில்

ஸ்காட்லாந்தில் மூடப்பட்ட கிளைப்பாதைகள் நிறைய உண்டு. அவற்றில் ஸ்பீன் பிரிட்ஜிலிருந்து ஃபோர்ட் அகஸ்டஸ் வரை போன இந்தப் பாதையைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

இந்தப் பாதை சரியாக எங்கே இருந்தது? வரைபடத்தில் தேடினால் கிடைக்கவில்லை.

இன்றைய ரயில் வரைபடத்தில் கிடைக்காது. ஸ்காட்லாந்தின் நில வரைபடத்தைப் பாருங்கள். வடகிழக்கே இன்வர்னெஸ் நகரிலிருந்து தென்மேற்கே ஃபோர்ட் வில்லியம் வரை நேர்கோடாக ஒரு பெரும் பள்ளத்தாக்கு தெரியும். அதற்குள் வரிசையாக மூன்று ஏரிகள்: லாக் நெஸ், லாக் ஓய்க், லாக் லாக்கி. மூன்றையும் இணைத்து தாமஸ் டெல்ஃபோர்டு வெட்டிய கலிடோனியன் கால்வாய் 1822-இல் திறக்கப்பட்டது.

நம் ரயில் ஸ்பீன் பிரிட்ஜில் புறப்படும். அது கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் போகும் வெஸ்ட் ஹைலண்ட் பாதையில் உள்ள நிலையம், இன்றும் இயங்குகிறது. அங்கிருந்து கேர்லாக்கி, இன்வர்க்ளாய், இன்வர்கேரி, அபர்சால்டர் வழியாக லாக் நெஸ்ஸின் தென்முனையில் உள்ள ஃபோர்ட் அகஸ்டஸ் வரை 24 மைல். லாக் லாக்கிக்கும் லாக் ஓய்க்குக்கும் கிழக்குக் கரையை ஒட்டியே போன பாதை இது. அழகுக்குக் குறைவில்லை, ஆள்தான் குறைவு.

ஆள் இல்லாத இடத்தில் ஏன் ரயில் போட்டார்கள்?

மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபோர்ட் அகஸ்டஸ் கிராமத்துக்கு ரயில் விட வேண்டும் என்பதற்காக மட்டும் இவ்வளவு பெரிய பாதை போடப்படவில்லை. குறி இன்வர்னெஸ். கிளாஸ்கோவிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கு வழியாக இன்வர்னெஸ் போய்ச் சேர்ந்தால், வடக்கு ஹைலண்ட்ஸின் (ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி) வணிகத்தில் பங்கு கேட்கலாம். அந்த வணிகம் அப்போது முழுக்க ஹைலண்ட் ரயில்வே என்ற நிறுவனத்தின் கையில் இருந்தது. 1882-லேயே கிளாஸ்கோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் என்ற பெயரில் இதே எண்ணத்தோடு ஒரு திட்டம் வந்தது. ஹைலண்ட் ரயில்வே கடுமையாக எதிர்த்தது, நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. ஆனால் பயம் போகவில்லை. பெர்த்திலிருந்து ஃபாரஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு இன்வர்னெஸ் போன தன் பாதையைச் சுருக்க, அவிமோரிலிருந்து நேராக மலைமேல் புதுப்பாதை போடும் வேலையில் ஹைலண்ட் ரயில்வே இறங்கியது. அது 1898-இல் முடிந்தது.

இதற்கிடையே 1894 ஆகஸ்டில் வெஸ்ட் ஹைலண்ட் பாதை ஃபோர்ட் வில்லியம் வரை திறக்கப்பட்டது. அதை இயக்கியது நார்த் பிரிட்டிஷ் ரயில்வே. இப்போது இன்வர்னெஸ்ஸுக்கும் எதிரியின் தண்டவாளத்துக்கும் நடுவே மிஞ்சியது இந்தப் பள்ளத்தாக்கு ஒன்றுதான். அந்த இடைவெளியில்தான் உள்ளூர் நிலக்கிழார்களும் செல்வந்தர்களும் சேர்ந்த ஒரு சிறு நிறுவனம் புகுந்தது. 1896-இல் ஃபோர்ட் அகஸ்டஸ் வரை பாதை போட அனுமதியும் வாங்கிவிட்டது. அடுத்த ஆண்டே மிச்சத் தூரத்துக்காக மூன்று தரப்பும் தனித்தனியே நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தன: இந்தச் சிறு நிறுவனம், ஹைலண்ட் ரயில்வே, நார்த் பிரிட்டிஷ் தரப்பு. எதுவும் தேறவில்லை. வக்கீல்களுக்குத்தான் லாபம்.

ஆக, வாசல் வரை வந்த பாதை உள்ளே போக முடியாமல் நின்றுவிட்டது. ஃபோர்ட் அகஸ்டஸிலிருந்து இன்வர்னெஸ்ஸுக்கு முப்பது மைலுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

பணம் போட்டவர்கள் யார்?

முக்கியமானவர் பர்ட்டன் பிரபு. பாஸ் என்ற பெயர்பெற்ற பீர் ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர், இந்த வட்டாரத்தில் கிளென்குவாய்ச் எஸ்டேட்டைக் குத்தகைக்கு எடுத்து வேட்டைக்கு வந்துகொண்டிருந்தவர். ஸ்பீன் பிரிட்ஜ் பக்கத்து நிலக்கிழாரான அபிங்கர் பிரபுவும் ஆதரவாளர்களில் ஒருவர். இவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பள்ளத்தாக்கு முழுவதையும் வெளியுலகோடு இணைக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள். ஆனால் இன்வர்னெஸ் வரை போக அனுமதி கிடைக்காது என்று தெரிந்த பிறகும் அதே பிரமாண்டக் கணக்கில் கட்டிக்கொண்டே போனார்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறேன். "பிரமாண்டக் கணக்கு" என்றால் என்ன? எதை மிகையாகக் கட்டினார்கள்?

வடிவமைத்தவர் சார்லஸ் ஃபோர்மன். வெஸ்ட் ஹைலண்ட் பாதையை வடிவமைத்தவரும் இவரே. இந்தப் பாதை திறக்கும் முன்பே, 1901-இல் காலமானார்.

ஒரு கிராமத்துக்குப் போகும் கிளைப்பாதை என்றால் லேசான தண்டவாளம், மரப் பிளாட்பாரம், கூர்மையான வளைவுகள் என்று மலிவாகப் போட்டிருக்கலாம். அப்படிப் போடும் இலகு ரயில்பாதைகளுக்கென்றே தனிச் சட்டம் அதே 1896-இல்தான் வந்தது. இவர்கள் போட்டதோ முதல்தரப் பிரதானப் பாதை. ஸ்பீன் ஆற்றின் மேல் பெரிய இரும்புப் பாலம், க்ளாய் ஓடையின் மேல் இன்னொன்று, லாக் ஓய்க் கரையில் ஒரு சுரங்கப்பாதை. இன்வர்கேரி நிலையத்தில் பிளாட்பாரத்துக்குப் போக நிலத்தடி நடைபாதை, எஸ்டேட் குடும்பத்துக்கென்று தனிக் காத்திருப்பு அறை. இத்தனைக்கும் இன்வர்கேரி கிராமம் லாக் ஓய்க்குக்கு அந்தப் பக்கம் இருக்கிறது!

எல்லாம் சேர்ந்து 3,40,000 பவுண்டுக்கு மேல் ஆனது. மைலுக்குச் சுமார் 14,000 பவுண்டு. 1903-ஆம் ஆண்டுப் பவுண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

திறந்த பிறகும் ஓட்ட ரயிலே இல்லை என்று படித்தேன். உண்மையா?

உண்மைதான். கட்டியே பணம் தீர்ந்துவிட்டது. எஞ்சின் வாங்கவோ பெட்டி வாங்கவோ காசில்லை. வேறு யாராவது வந்து ஓட்ட வேண்டும். ஸ்பீன் பிரிட்ஜில் தண்டவாளம் இணைவது நார்த் பிரிட்டிஷ் இயக்கும் பாதையோடு. அதனால் அவர்கள் ஓட்டுவதுதான் நியாயம். பேச்சுவார்த்தை இழுத்தது. கடைசியில் ஓட்ட வந்தது யார் தெரியுமா? ஹைலண்ட் ரயில்வே. ஆண்டுக்கு 4,000 பவுண்டு கட்டணம்.

அந்த நிறுவனத்தின் சொந்தத் தண்டவாளம் எதுவும் இந்தப் பாதையைத் தொடவே இல்லை. தன் எஞ்சினையும் பெட்டிகளையும் பிற நிறுவனங்களின் பாதைகள் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து இறக்க வேண்டியிருந்தது. லாபத்துக்காக யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். எதிரி ஃபோர்ட் அகஸ்டஸில் காலூன்றக் கூடாது என்பது மட்டுமே நோக்கம். 1903 ஜூலை 22 அன்று முதல் ரயில் ஓடியது. 1907-இல் ஹைலண்ட் ரயில்வே விலகிக்கொள்ள, நார்த் பிரிட்டிஷ் பொறுப்பேற்றது.

என்ன எஞ்சின் ஓடியது?

ஹைலண்ட் காலத்தில் "யாங்கி டாங்க்" வகை, 4-4-0 சக்கர அமைப்பு (முன்னே நான்கு சிறு சக்கரங்கள், பின்னே நான்கு இயக்கச் சக்கரங்கள்). இவற்றில் முதல் இரண்டும் கிளாஸ்கோவின் ட்யூப்ஸ் ஆலையில் தென்னமெரிக்காவின் உருகுவே நாட்டுக்காகச் செய்யப்பட்டவை. அங்கே போகாமல் நின்றதால் ஹைலண்ட் ரயில்வே வாங்கிக்கொண்டது. பிறகு அதே அச்சில் இன்னும் மூன்று செய்யச் சொன்னது.

ஃபோர்ட் அகஸ்டஸில் படகுத்துறை வரை ரயில் போனதாமே?

போனது, மூன்றே ஆண்டுகள். கிராமத்து நிலையத்தைத் தாண்டி, கலிடோனியன் கால்வாயைத் திருப்பு பாலத்தில் கடந்து, ஓய்க் ஆற்றை இன்னொரு பாலத்தில் கடந்து, லாக் நெஸ் கரையில் உள்ள துறைக்குப் போகும். அங்கே நீராவிக் கப்பல் ஏறி இன்வர்னெஸ் போகலாம் என்பது ஏற்பாடு. ஆனால் கால்வாய் வழியே வரும் கப்பல்கள் எப்படியும் கிராமத்து மடைகளில் (கப்பலை ஏற்றி இறக்கும் நீர்க்கதவுகள்) நின்றுதான் போகும். பயணி அங்கேயே ஏறிக்கொண்டால் போதும். 1906-இல் துறைக்குப் பயணிகள் ரயில் நின்றது. ஒரு மைல்கூட நீளமில்லாத இந்தத் துண்டுக்கு இரண்டு பாலங்கள்! ஆற்றுப் பாலத்தின் கல்தூண்கள் மட்டும் இன்னமும் நிற்கின்றன.

1911-இல் மூடி 1913-இல் திறந்தார்களே, நடுவில் என்ன நடந்தது?

நார்த் பிரிட்டிஷ் ஓட்டியும் கணக்கு உதைத்தது. 1911 அக்டோபர் 31-உடன் ரயில் நின்றது. உரிமையாளர்கள் விற்கப் பார்த்தார்கள். கேட்ட விலை கிடைக்கவில்லை. தண்டவாளத்தைப் பெயர்த்துப் பழைய இரும்பாக விற்றுவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இந்த இடத்தில்தான் இன்வர்னெஸ் கவுண்டி நிர்வாகம் தலையிட்டது. இந்தப் பாதையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எட்டு ஆண்டுகளாக ரயிலை நம்பி ஆடு, மரம், நிலக்கரி, தபால் என்று வாழ்க்கையை மாற்றிக்கொண்ட பள்ளத்தாக்கு மக்களை இரண்டு நிறுவனங்களின் சண்டைக்குப் பலி கொடுக்கக் கூடாது என்று அது வாதாடியது, பொதுப்பணத்திலிருந்து உதவவும் முன்வந்தது. 1913 ஆகஸ்டில் ரயில் மறுபடி ஓடியது. 1914-இல் நார்த் பிரிட்டிஷ் மொத்தப் பாதையையும் சுமார் 27,000 பவுண்டுக்கு வாங்கியது. கட்டிய செலவில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

பீச்சிங் மூடிய பாதைகளில் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. நஷ்டப் பாதைகளை மூடச் சொன்ன ரயில்வே தலைவர் பீச்சிங்கின் அறிக்கை 1963-இல் வந்தது. அதற்கு முப்பது ஆண்டு முன்பே, 1933 நவம்பர் முடிவோடு, இங்கே பயணிகள் ரயில் நின்றுவிட்டது. அப்போது பாதை எல்.என்.இ.ஆர். (லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே) கையில், 1923-இல் ரயில் நிறுவனங்களை நான்காகத் தொகுத்தபோது நார்த் பிரிட்டிஷ் அதற்குள் போய்விட்டது. அதன் பிறகு நிலக்கரி ஏற்றிக்கொண்டு வாரம் ஒரு சரக்கு ரயில். அதுவும் 1946 டிசம்பர் 31 வரைதான். பிரிட்டனில் மூடிய எல்லாப் பாதைக்கும் பீச்சிங்கையே காரணம் சொல்வது வழக்கமாகிவிட்டது. பேருந்தும் லாரியும் அவருக்கு வெகு முன்பே வேலையை ஆரம்பித்துவிட்டன.

லாக் நெஸ் பிராணியைப் பார்க்கக் கூட்டம் வந்திருக்குமே? ரயிலுக்கு அது உதவவில்லையா?

காலப்பொருத்தம் மோசம். ஏரியில் விசித்திரப் பிராணி தெரிந்ததாக இன்வர்னெஸ் கூரியர் பத்திரிகையில் அந்தப் புகழ்பெற்ற செய்தி வந்தது 1933 மே மாதம். எழுதியவர் ஃபோர்ட் அகஸ்டஸில் வேலை பார்த்த அலெக்ஸ் கேம்பல். அந்த ஆண்டே ரயில் நின்றது. ஏரியின் மேற்குக் கரைச் சாலை புதுப்பிக்கப்பட்டதும் அதே காலத்தில்தான். வந்த கூட்டம் கார்களிலும் பேருந்துகளிலும் வந்தது. இன்னும் சில ஆண்டு தாக்குப்பிடித்திருந்தால் கோடைக்காலச் சுற்றுலா ரயில்களாவது ஓடியிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. குளிர்கால நஷ்டத்தை அது ஈடுகட்டியிருக்காது.

இன்வர்னெஸ் வரை போட விட்டிருந்தால் பிழைத்திருக்குமா?

பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு என்றுதான் நினைக்கிறேன். ஃபோர்ட் வில்லியத்துக்கும் இன்வர்னெஸ்ஸுக்கும் நடுவே இன்றைக்கும் நேரடி ரயில் கிடையாது. ஏ82 சாலையில் பேருந்தில்தான் போக வேண்டும். இரண்டு முக்கிய ஊர்களை இணைத்திருந்தால் பயணிகள் இருந்திருப்பார்கள். லாக் நெஸ் கரையோரம் முப்பது மைல் போட ஆகும் செலவை யார் தாங்கியிருப்பார்கள் என்பது வேறு கேள்வி. ஆனால் பாதி தூரம் போட அனுமதித்துவிட்டு மீதியை மறுத்தது எல்லா வழிகளிலும் மோசமான வழி. ஒன்று முழுதாக அனுமதித்திருக்க வேண்டும், இல்லை முதலிலேயே "கிராமத்துக்கு மட்டும், மலிவாகப் போடு" என்று சொல்லியிருக்க வேண்டும். மலிவாகப் போட்டிருந்தால் வட்டிச்சுமை குறைந்து 1911-இல் மூடாமலாவது இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்து போகிறோம். பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. கிளாஸ்கோவிலிருந்து மாலைக் போகும் ரயிலில் ஸ்பீன் பிரிட்ஜில் இறங்கலாம். லண்டன் யூஸ்டனிலிருந்து ஃபோர்ட் வில்லியம் போகும் இரவு ரயிலும் அங்கே நிற்கும். கிரேட் க்ளென் வே என்ற நெடுநடைப் பாதையில் லாக்கனிலிருந்து அபர்சால்டர் வரை, லாக் ஓய்க் கரையில், பழைய ரயில் தடத்தின் மேலேயே நடக்கலாம். ஏறத்தாழ சமதளம், குழந்தைகளோடும் நடக்கலாம். வழியில் இன்வர்கேரி நிலையம் வரும். தன்னார்வலர்கள் பிளாட்பாரத்தைச் சீர்செய்து கொஞ்ச தூரம் தண்டவாளமும் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கைகொடுக்க முடிந்தால் கொடுங்கள். அபர்சால்டரில் 1854-இல் கட்டிய பழைய ஓய்க் தொங்கு பாலத்தையும் விட்டுவிடாதீர்கள். அப்புறம் ஃபோர்ட் அகஸ்டஸில் ஆற்றோரமாக வந்தால் அந்தக் கல்தூண்கள் கண்ணில் படும். மழைக்கோட்டு கட்டாயம், கோடையில் போனால் மிட்ஜ் என்ற பொடிக்கொசுவுக்கு மருந்தும் எடுத்துப் போங்கள்.