ஆறு மில்லியன் வெள்ளி இருக்கும்போது கொடி நாள் எதற்கு?

செங்காங்கிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய ஒன்பது வயது மகன் சிறப்புக் கல்விப் பள்ளியில் படிக்கிறான். பள்ளியை நடத்தும் சமூக சேவை அமைப்பின் ஆண்டறிக்கையைப் புரட்டியபோது, மொத்த நிதி ஆறு மில்லியன் வெள்ளி என்று இருந்ததாம். "அரசாங்கம் மானியம் தருகிறது, நாங்களும் கட்டணம் கட்டுகிறோம், கையில் இவ்வளவு பணமும் இருக்கிறது. பிறகு ஏன் கொடி நாள் என்று சனிக்கிழமை வெயிலில் நன்கொடை திரட்ட எங்களை உண்டியல் ஏந்தச் சொல்கிறார்கள்? இதை யாரிடம், எப்படிக் கேட்பது? உண்டியலில் போடும் பணத்துக்கு வரிக் கழிவாவது உண்டா?" என்று கேட்கிறார்.

கேட்க வேண்டிய கேள்விதான், சகோதரி. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. நான் கணக்காளன், இப்படிப்பட்ட ஓர் அமைப்பின் நிதிக் குழுவில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். பெற்றோர் கணக்கைப் படிக்கத் தொடங்கினால் நிர்வாகக் குழு இன்னும் கவனமாக நடந்துகொள்ளும் என்பதைக் கண்ணால் பார்த்தவன்.

சிங்கப்பூரில் சிறப்புக் கல்விப் பள்ளிகளைச் சமூக சேவை அமைப்புகள் நடத்துகின்றன. கல்வி அமைச்சும் தேசிய சமூக சேவை மன்றமும் நிதி தருகின்றன. பள்ளியின் பெயரைப் போட்டு அறநிறுவனங்களுக்கான இணைய வாசலில் தேடினால் பல நேரம் ஒன்றும் கிடைக்காது. நடத்தும் அமைப்பின் பெயரைப் போட வேண்டும். அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களுக்கான மைண்ட்ஸ் போன்ற பெரிய அமைப்பு பல பள்ளிகளையும் பெரியவர்களுக்கான நிலையங்களையும் சேர்த்து நடத்துகிறது. ஆகவே நீங்கள் பார்த்த ஆறு மில்லியன் உங்கள் மகனின் பள்ளிக்கு மட்டும் உரியதா, அமைப்பு முழுவதற்கும் உரியதா என்பதை முதலில் பாருங்கள். கணக்குக் குறிப்புகளில் பெரும்பாலும் பள்ளிக்கென்று தனி வரிசை இருக்கும்.

அடுத்து, நிதிநிலை அறிக்கையில் நிதி எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பாருங்கள். விஷயம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. 'கட்டுப்பாடற்ற நிதி', 'கட்டுப்படுத்தப்பட்ட நிதி' என்று இரண்டு பத்திகள் (நெடுவரிசைகள்) பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கொடுத்தவர் 'இதற்கு மட்டும்' என்று சொல்லிக் கொடுத்த பணம் இரண்டாவது பத்தியில் சேரும். கட்டடத்துக்கு வந்த பணத்தைச் சம்பளத்துக்குத் தொட முடியாது. அமைச்சின் மானியமும் அப்படித்தான்: எதற்குத் தரப்பட்டதோ அதற்கே செலவாக வேண்டும், நிதி தந்தவரிடம் அதற்குக் கணக்கும் காட்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. சக்கர நாற்காலி ஏற்றும் வசதியுள்ள பேருந்து வாங்க 120,000 வெள்ளி மானியம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பேருந்தும் வாங்கியாகிவிட்டது. அறநிறுவனங்களுக்கான கணக்கியல் தரத்தைப் பின்பற்றும் அமைப்பில், அந்த 120,000 முழுவதும் அந்த ஆண்டின் வருமானமாக ஏறிவிடும். பேருந்து பத்தாண்டு உழைக்கும் என்று கணக்கிட்டால், செலவுப் பக்கத்தில் பத்தில் ஒரு பங்கு தேய்மானம், 12,000 வெள்ளி மட்டும். மீதி 108,000 'உபரி' என்று தெரியும். ஆனால் அந்த உபரி வங்கியில் இல்லை. பள்ளி வாசலில் நான்கு சக்கரத்தில் நிற்கிறது.

இப்போது உங்கள் ஆறு மில்லியனுக்கு வருவோம். கட்டட நிதி 3.5 மில்லியன், பேருந்தும் கருவிகளும் 0.9 மில்லியன் என்றால், கட்டுப்பாடில்லாமல் மிஞ்சுவது 1.6 மில்லியன். ஆண்டுச் செலவு 9 மில்லியனாக இருந்தால், அது இரண்டு மாதச் செலவுக்குச் சற்றே அதிகம். மானியம் ஒரு மாதம் தாமதமானாலும் ஆசிரியர் சம்பளம் நிற்கக் கூடாது. அந்த நிலையில் கொடி நாள் நடத்துவதை நான் குறை சொல்ல மாட்டேன். மாறாக, அந்த ஆறும் கட்டுப்பாடற்ற பணமாக இருந்து, ஆண்டுச் செலவு ஒரு மில்லியனாக இருந்தால், நீங்கள் விடாமல் கேட்க வேண்டும்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. நிர்வாகக் குழு தானாகவே சில தொகைகளுக்கு 'எதிர்கால மேம்பாட்டு நிதி' என்பது போல ஒரு பெயர் சூட்டி ஒதுக்கி வைக்கலாம். பார்க்கக் கட்டுப்படுத்தப்பட்ட நிதி போலவே இருக்கும். ஆனால் கொடையாளர் விதித்த நிபந்தனை எதுவும் அதில் இல்லை. குழு நினைத்தால் அடுத்த கூட்டத்திலேயே பெயரை எடுத்துவிடலாம். இதை நான் கட்டுப்பாடற்ற நிதியாகவே எண்ணுவேன். ஆண்டுக்கு ஆண்டு அசையாமல் கிடக்கும் இத்தகைய நிதியைக் கண்டால், எதற்காக ஒதுக்கினார்கள், எப்போது செலவிடுவார்கள் என்று கேளுங்கள். நிதியிலிருந்து நிதிக்கு மாற்றப்பட்ட தொகை இருந்தால், அதற்கான குறிப்பையும் படியுங்கள்.

கையிருப்பு எவ்வளவு, அது எத்தனை காலச் செலவுக்குப் போதும் என்ற கொள்கையை ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும் என்று அறநிறுவனங்களுக்கான ஆளுமை நெறிமுறை எதிர்பார்க்கிறது. 2005-இல் நன்கொடைப் பணம் செலவான விதம் பற்றிய தேசிய சிறுநீரக அறநிறுவன விவகாரம் நீதிமன்றத்தில் வெடித்தபோது, கையிருப்பு எத்தனை ஆண்டு தாங்கும் என்பதும் மக்களைக் கொதிக்க வைத்த கேள்விகளில் ஒன்று. அதன் பிறகுதான் இந்த விதிகள் இறுகின.

தணிக்கையாளர் அறிக்கையின் கடைசிப் பத்தியையும் விட்டுவிடாதீர்கள். நன்கொடையாளருக்கு வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் ஐபிசி (பொதுநலத் தன்மை கொண்ட அமைப்பு) தகுதியுள்ள அமைப்பானால் அங்கே இரண்டு உறுதிமொழிகள் இருக்கும்: நன்கொடை அமைப்பின் நோக்கத்துக்கு மாறாகச் செலவானதாகவோ, நிதி திரட்டும் செலவு வரம்பை மீறியதாகவோ நம்பும்படி எதுவும் கவனத்துக்கு வரவில்லை என்று. அந்த வரம்பு 30 சதவீதம். 100 வெள்ளி திரட்ட 30 வெள்ளிக்கு மேல் செலவழிக்கக் கூடாது. பணம் முறையாகச் செலவானதா என்பதற்குத்தான் இது சான்று. நன்றாகச் செலவானதா என்பதைப் பெற்றோரும் நிர்வாகக் குழுவும்தான் பார்க்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? "ஏன் இவ்வளவு பணம் வைத்திருக்கிறீர்கள்?" என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "கட்டுப்பாடற்ற நிதி எத்தனை மாதச் செலவுக்குப் போதும்? இந்த ஆண்டுக் கொடி நாள் பணம் எந்தத் திட்டத்துக்கு?" என்று எழுத்தில் கேளுங்கள். பெற்றோர் ஆதரவுக் குழு வழியாகக் கேட்டால் இன்னும் நல்லது. முறைகேடு நடந்திருக்கிறது என்று சந்தேகிக்க ஆதாரம் இருந்தால் மட்டும் அறநிறுவன ஆணையரிடம் செல்லுங்கள். கணக்கு ஆண்டு மார்ச்சில் முடியும் அமைப்பானால், ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் முடிவதற்குள் அறிக்கை சமர்ப்பிக்கப்பட வேண்டும். அக்டோபரில் அந்த இணைய வாசலில் தேடிப் பாருங்கள்.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2025-இன் இரண்டாம் பாதியிலிருந்து சிங்கப்பூர்க் குடிமக்களுக்கான மாதக் கட்டணத்தின் உச்ச வரம்பு 150 வெள்ளியிலிருந்து 90 வெள்ளியாகக் குறைந்தது. அதுவும் சுமையாக இருந்தால் பள்ளி அலுவலகத்தில் நிதியுதவித் திட்ட விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள். மகனின் குழந்தை மேம்பாட்டுக் கணக்கில் பணம் மிச்சமிருந்தால் அதையும் கட்டணத்துக்குப் பயன்படுத்தலாம்.

வரிக் கழிவு விஷயம்: ஐபிசி அமைப்புக்குத் தரும் தகுதியான நன்கொடைக்கு 250 சதவீதக் கழிவு உண்டு, அதாவது 100 வெள்ளி கொடுத்தால் வரிக்குரிய வருமானத்தில் 250 வெள்ளி கழியும். ஆனால் உண்டியலில் விழும் நாணயத்துக்குப் பெயர் இல்லை, ஆகவே கழிவும் இல்லை. கொடுக்க விரும்பினால் அடையாள அட்டை எண்ணைத் தெரிவித்து இணையம் வழியாகக் கொடுங்கள். உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் பதிவில் அது தானாகச் சேர்ந்துவிடும். "பேச்சுப் பயிற்சிக்கு மட்டும்" என்று எழுதிக் கொடுத்து, அமைப்பும் அதை ஏற்றுக்கொண்டால், அடுத்த ஆண்டறிக்கையில் உங்கள் பணம் இரண்டாவது பத்தியில் நிற்கும்.