கேள்வி–பதில்: லைட் அடித்துக் காட்டும் நல்லவர்கள்

யாழ்ப்பாணத்து வீதி விபத்துகளைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் சில இங்கே.

கே: எதிரே வருகிறவர் லைட் அடித்துக் காட்டினால் முன்னால் டிராபிக் பொலிஸ் நிற்கிறது என்று அர்த்தம். முகம் தெரியாதவருக்கும் உதவுகிற இந்தக் குணம் எங்கள் ஊரின் பெருமை இல்லையா? – வாசகர், மானிப்பாய்

ப: குணம் நல்லதுதான், எனக்கும் எத்தனையோ பேர் அடித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அடுத்து நடப்பதையும் பாருங்கள். வேகம் குறைகிறது, கையில் கொழுவியிருந்த ஹெல்மெட் தலைக்கு ஏறுகிறது, காதில் இருந்த போன் சட்டைப்பைக்குள் போகிறது, பின்னால் மூன்றாவது ஆளாகத் தொற்றியிருந்த பெடியன் இறங்கி ஒன்றும் தெரியாதவன் போல நடக்கிறான். பொலிஸைத் தாண்டியதும் அவனையும் ஏற்றிக்கொண்டு எல்லாம் பழையபடி. என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்றுவிடாமல் எங்களுக்குத் தெரிந்திருக்கிறது, பயம்தான் தண்டப் பணத்தோடு நின்றுவிடுகிறது. முன்னால் மாடு படுத்திருக்கிறது, நெல் காயப் போட்டிருக்கிறது, மெதுவாக வாருங்கள் என்று லைட் அடித்த ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

கே: மகன் உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிறான். கனடாவில் இருக்கும் மாமா மோட்டார் சைக்கிளுக்குக் காசு அனுப்புகிறேன் என்கிறார். வாங்கித் தராவிட்டால் சாப்பிடமாட்டேன் என்று மகன் நிற்கிறான். – ஒரு தாய், கோப்பாய்

ப: பசித்தால் சாப்பிடுவான் அம்மா, அதை விடுங்கள். 18 வயதாகி லைசென்ஸ் எடுக்கும்வரை இந்தப் பேச்சே வேண்டாம். அதற்குப் பிறகு மாமாவிடம் ஒரு விஷயம் கேளுங்கள். அவர் ரொறன்ரோ பக்கம் இருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும், அந்த மாகாணத்தில் மோட்டார் சைக்கிள் பழகத் தொடங்குகிறவர் இருட்டில் ஓட முடியாது, பின்னால் ஆள் ஏற்ற முடியாது, ஒரு சொட்டு மதுவும் குடித்திருக்கக் கூடாது. அங்கே தன் பிள்ளைக்குப் பொருந்துகிற சட்டத்தை இங்கே மருமகனுக்கும் போட்டுவிட்டுக் காசை அனுப்பட்டும்.

மகனிடம் இதைச் சொல்லுங்கள். மணிக்கு 80 கிலோமீற்றரில் போனால் ஒரு வினாடியில் 22 மீற்றர் கடந்துவிடும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்கவே ஏறக்குறைய அந்த ஒரு வினாடி போய்விடும், பிடித்த பிறகும் 40இல் போகிறவனைவிட நாலு மடங்கு தூரம் இழுத்துக்கொண்டு போய்த்தான் நிற்கும். எங்கள் ஊரில் மதில்கள் வீதிக்கரைவரை எழும்பி நிற்கின்றன, ஒழுங்கையிலிருந்து சைக்கிளில் வருகிற கிழவருக்கு முன்சில்லு வீதியில் ஏறிய பிறகுதான் வீதியே தெரியும். அவருக்காகத்தான் இவன் மெதுவாக ஓட வேண்டும். காப்பெற் (வழவழப்பான தார்) போட்ட வீதி என்பதால் அவர் வராமல் இருக்கப் போவதில்லை.

கே: பக்கத்துக் கடைக்குப் பாண் வாங்கப் போகவும் ஹெல்மெட்டா? – வாசகர், காரைநகர்

ப: குறுக்கே பாய்கிற நாய்க்கு நீங்கள் பாண் வாங்கத்தான் போகிறீர்கள் என்று தெரியாது. போடுங்கள், நாடிப் பட்டியையும் பூட்டுங்கள். பூட்டாத ஹெல்மெட் உங்களுக்கு முன்னமே விழுந்துவிடும்.

கே: தனியார் பஸ் சாரதிகளைத் திருத்தவே முடியாதா? – வாசகர், சாவகச்சேரி

ப: பஸ் நிலையத்தில் வெளிக்கிட்டதும் ஆமையாக ஊர்வதைக் கவனித்திருப்பீர்கள், சந்திக்குச் சந்தி நின்று ஆள் சேர்ப்பார்கள். பின்னால் அடுத்த பஸ் தெரிந்ததும்தான் பறப்பு. பல பஸ்களில் அன்றன்று சேருகிற காசைப் பொறுத்துத்தான் சாரதிக்கும் நடத்துனருக்கும் கூலி, அதனால் வீதியில் நிற்கிற ஒவ்வொரு ஆளுக்கும் ஓட்டப்பந்தயம். மாதச் சம்பளமும், இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்களோடு சேர்ந்த நேர அட்டவணையும் இல்லாமல் சாரதிக்கு வகுப்பு எடுத்துப் பிரயோசனமில்லை என்பது என் எண்ணம். அதோடு, தன் படலைக்கு முன்னால்தான் பஸ் நிற்க வேண்டும் என்று கை காட்டுகிறவரும், "கெட்டிக்காரன், கெதியாய்க் கொண்டுவந்து விட்டிட்டான்" என்று புகழ்ந்துகொண்டு இறங்குகிறவரும் நாங்கள்தானே.

கே: புகையிரதக் கடவையில் மணி அடிக்க அடிக்க ஆட்கள் கடக்கிறார்கள். கேட்டால், அது சும்மாவும் அடிக்கும் என்கிறார்கள். – வாசகர், கோண்டாவில்

ப: 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது, காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியில். இடையில் யுத்தத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் (பதுங்குகுழி) கட்டப் போய், பாதை வெறும் மண்ணாகக் கிடந்தது. ரயிலையே காணாமல் வளர்ந்தவர்கள்தான் இன்று பிள்ளைகளை முன்னால் வைத்துக்கொண்டு கடவையைக் கடக்கிறார்கள். சும்மா அடிக்கிற மணியைத் திருத்த வேண்டியவர்கள் உடனே திருத்த வேண்டும், பொய் சொல்கிற மணியை யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் மணி பழுது என்று தெரிந்தவர் இன்னும் கவனமாக அல்லவா நிற்க வேண்டும்? நேரே வருகிற ரயில் கண்ணுக்கு மெதுவாக வருவது போலத்தான் தெரியும். பிரேக் போட்டாலும் நூற்றுக்கணக்கான மீற்றர் ஓடித்தான் நிற்கும்.

கே: விபத்தில் கிடப்பவரைத் தூக்கப் போனால் பொலிஸ், கோர்ட் என்று அலைய வேண்டி வருமே? – வாசகர், நெல்லியடி

ப: சாட்சிக்குக் கூப்பிட்டால் ஒரு நாள் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், அவ்வளவுதானே. முதலில் 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடியுங்கள், 2018 முதல் வடக்கிலும் அந்த அம்புலன்ஸ் வருகிறது, காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆளை இழுத்து மடித்து ஓட்டோவுக்குள் திணிக்காதீர்கள், முள்ளந்தண்டில் அடிபட்டிருந்தால் அதோடு கால் கை போய்விடும். மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டையும் கழற்ற வேண்டாம். இரத்தம் ஓடுகிற இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். சுற்றி நின்று வீடியோ எடுக்கிற நாலு பேரையும் இரண்டு பக்கமும் அனுப்பி, வருகிற வாகனங்களுக்குக் கை காட்டச் சொல்லுங்கள்.