தோற்றுப்போன கார் கம்பெனிகளின் வரலாற்றிலிருந்து என்ன கற்றுக்கொள்ளலாம்?

டெலோரியன், ஸ்டூட்பேக்கர் என்று பட்டியல் போட்டுக்கொண்டே போகலாம். பழைய கார் பைத்தியமான எனக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஜிஎஸ்டி சாலையில் இன்று ஐடி வளாகம் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. மெட்ராஸிலேயே கார் செய்த கம்பெனி.

1948-ல் தொடங்கியது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் பாகங்களை இங்கே பூட்டி விற்றார்கள். 1961-ல் ஹெரால்டு என்ற கார் வந்தது. எங்கள் தெரு டாக்டரிடம் ஒன்று இருந்தது. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து காரின் முன்பக்கம் முழுக்க வாயைப் பிளந்த முதலை மாதிரி திறக்கும். மெக்கானிக் முன்டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்ப்பார். சின்னச் சந்திலும் ஆட்டோ போலத் திரும்பிவிடும். வடிவமைத்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. பிரிட்டனில் கடைசிவரை இரண்டு கதவோடுதான் ஹெரால்டு விற்றது. நம் ஆட்கள் 1968-ல் அதற்கு நாலு கதவு வைத்தார்கள். ஆக, திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

1972-ல் முகத்தையும் வாலையும் மாற்றி கெஸல் என்று விட்டார்கள். உள்ளே அதே 948 சிசி எஞ்சின். பத்து வருஷம் கழித்தும் அதே! முழுப் பழியையும் கம்பெனி மேல் போட மாட்டேன். எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ், வெளிநாட்டு உதிரிபாகத்துக்கு அனுமதி, ஒரு கட்டத்தில் விற்பனை விலையையே அரசு வைத்தது. புது எஞ்சினுக்குப் பணம் எங்கிருந்து வரும்? ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு, அவ்வளவுதான் கடை. வாங்குகிறவர் பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருந்தார். அப்படிப்பட்ட சந்தையில் பழைய எஞ்சின் ஒரு குறையாகவே தெரியாது.

எழுபதுகளின் பிற்பகுதியில் கார் உற்பத்தி நின்று, வேன் உற்பத்தி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு தன் பதிலைக் கொண்டுவந்தது: ஸ்டாண்டர்டு 2000.

கார் பார்க்கப் பிரமாதம். 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருது வாங்கிய, பிரிட்டனின் ரோவர் எஸ்டி1-இன் உடம்பு அது. அங்கே அதற்கு எட்டு சிலிண்டர் கொண்ட 3.5 லிட்டர் வி8 எஞ்சின் எல்லாம் இருந்தது. இங்கே நம் சாலைக்காகக் காரைக் கொஞ்சம் உயர்த்தி, உள்ளே வைத்தது 1,991 சிசி எஞ்சின். வேன்கார்டு காலத்துச் சரக்கு, நாற்பதுகளில் வரைந்தது. அதன் பங்காளி ஒன்று ஃபெர்குசன் டிராக்டரில் உழுதுகொண்டிருந்தது! பட்டு வேட்டி கட்டிவந்த மாப்பிள்ளைக்குத் தாத்தாவின் மூச்சு. விலையோ அதிகம். ஜப்பான் தொழில்நுட்பம் எப்படியிருக்கும் என்று மாருதியில் ஓட்டிப் பார்த்துவிட்டவர்கள் இதை ஏன் வாங்கப் போகிறார்கள்? 1988-ல் உற்பத்தி நின்றது.

கையிலிருக்கும் எஞ்சினை வைத்தே ஒப்பேற்றிவிடலாம் என்ற நினைப்பை முப்பது வருஷக் காத்திருப்போர் பட்டியல்தான் வளர்த்தது என்பது என் கணிப்பு. க்யூவில் நிற்கிறவன் நம்மை விரும்பி நிற்கிறானா, வேறு வழியில்லாமல் நிற்கிறானா என்று கம்பெனிக்குத் தெரியவேயில்லை.

நல்ல கார் செய்தால் பிழைத்துவிடலாமா என்றால், அதுவும் இல்லை. தேவூ மேட்டிஸ் ஞாபகம் இருக்கிறதா? தொண்ணூறுகளின் கடைசியில் சான்ட்ரோவோடு போட்டி போட்ட குட்டிக் கார். காரில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் கொரியாவில் தாய் நிறுவனம் கடனில் மூழ்கி 2000-ல் திவாலானது. இங்கே சூரஜ்பூர் ஆலையும் மூடப்பட்டது. அந்த மேட்டிஸின் அடுத்த தலைமுறைதான் 2007-ல் செவர்லே ஸ்பார்க் என்று பெயர் மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. அதனால்தான் கார் வாங்க யோசனை கேட்பவர்களிடம் மைலேஜுக்கு முன்னால் கம்பெனியின் கடன் நிலவரத்தைப் பார்க்கச் சொல்கிறேன். யாரும் கேட்பதில்லை, அது வேறு கதை.

சென்னையில் பழைய கார் கண்காட்சிக்குப் போனால் ஹெரால்டை இன்றும் பார்க்கலாம். உரிமையாளரிடம் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், சந்தோஷமாகத் திறப்பார்.